நோட்டர் டேம் கால்பந்து அணியின் டைட் எண்டுகள்: 2025 பருவத்துக்கு முன்

நோட்டர் டேம் டைட் எண்டுகள்: அமெரிக்க ஐக்கிய நாட்டின் இண்டியானா மாகாணத்தில், சௌத் பெண்ட் நகரை அடுத்து, எட்வர்ட் சொரின் என்னும் பாதிரியார் 1842-இல் ஸ்தாபித்த கத்தோலிக்க சர்வகலாசாலையாகிய நோட்டர் டேமின் கால்பந்து அணியில், தாக்கும் வரிசையின் ஓரத்தில் நின்று, எதிரியைத் தடுப்பதும் வீசப்படும் பந்தைப் பிடிப்பதுமாகிய இரு தொழில்களையும் ஒருங்கே செய்யும் ஆட்டக்காரர்கள். கால்பந்து என்று இங்கே குறிப்பது, நீள்வட்டமான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் பதினொருவர் பதினொருவராக ஆடும் அமெரிக்க ஆட்டத்தை.

ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் கணத்தில் தாக்கும் அணியினர் எழுவர் பந்து வைத்த கோட்டில் வரிசையாக நிற்பது வழக்கம். அவ்வெழுவரில் இரு ஓரத்தவரும், வரிசைக்குப் பின்னே நிற்போரும் மட்டுமே முன்னோக்கி வீசிய பந்தைப் பிடிக்கும் உரிமை உடையவர்கள். அப்படி நின்றாலும், 50 முதல் 79 வரையுள்ள எண்களை அணிந்தவருக்கு அவ்வுரிமை இல்லை. டேக்கிள் எனப்படும் கனத்த தடுப்பாளருக்கு அடுத்து, ஏறக்குறையத் தோளோடு தோள் உரசும்படி நிற்கும் டைட் எண்ட், தமக்கு வெளியே வேறொருவர் அதே கோட்டில் வந்து நின்றுவிட்டால் ஓரத்தவர் என்னும் தகுதியை இழந்து, பந்தைப் பிடிக்கும் உரிமையையும் இழந்துவிடுகிறார். ஓடுகிறவனுக்கு வழி திறக்கும் பலமும், பந்தைத் துரத்தும் வேகமும் ஒரே சரீரத்தில் பொருந்த வேண்டியிருப்பதால், ஆறடி நான்கங்குலத்துக்குக் குறையாத உயரமும் 240 முதல் 260 பவுண்டு வரை எடையும் உள்ள இளைஞர்களையே இந்த ஸ்தானத்துக்குப் பெரும்பாலும் தேடுகிறார்கள்.

இந்த ஸ்தானத்தின் பூர்விகம் பந்தை முன்னோக்கி வீசும் உரிமையோடு பிணைந்தது. 1905-ஆம் ஆண்டில் மைதானத்தில் நேர்ந்த மரணங்களும் அங்கஹீனங்களும் பொதுஜனங்களைக் கலக்கவே, ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய கலாசாலைகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து ஆட்டத்தின் கொடுமையைத் தணிக்கும்படி வற்புறுத்தினார். அதன் பின் எழுந்த சீர்திருத்தங்களுள் ஒன்றாக 1906-இல் முன்வீச்சு அனுமதிக்கப்பட்டது. ஆயினும் ஒருவர் கையும் படாமல் தரையில் விழுந்த பந்து எதிரிக்கே சொந்தம் என்பது போன்ற நிபந்தனைகள் சூழ்ந்திருந்தமையால், நிதான புத்தியுள்ள பயிற்சியாளர் பலர் அதைத் தீண்டவே அஞ்சினர். செயிண்ட் லூயிஸ் சர்வகலாசாலை அவ்வாண்டிலேயே துணிந்து வீசி ஆடியதுண்டு. ஆனால் கிழக்குக் கரையின் பெரிய கலாசாலைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1912-இல் முன்வீச்சுக்கு இருந்த தூரக் கட்டுப்பாடு நீங்கியது. மைதானத்தின் நீளம் நூறு கெஜமாகச் சுருங்கியது. மூன்று முயற்சிகள் நான்காயின. பந்தும் கைக்கு அடங்கும்படி மெலிந்தது.

மறு ஆண்டு வேனிற்காலத்தில், ஓஹையோ மாகாணத்தில் ஈரி ஏரிக்கரையிலுள்ள சீடர் பாயிண்ட் என்னும் உல்லாசத் தலத்தில் ஜீவனத்துக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த நோட்டர் டேம் மாணவர் இருவர், ஓய்வு கிடைத்த போதெல்லாம் மணலில் பந்தை வீசியும் ஓடிப் பிடித்தும் பழகினர். வீசியவர், பந்தை வீசும் ஸ்தானமாகிய குவார்ட்டர்பேக்கில் ஆடிய கஸ் டோரே. பிடித்தவர் நார்வேயில் பிறந்து சிகாகோவில் வளர்ந்த ஓர ஆட்டக்காரர் க்னூட் ராக்னி. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி, ஜெஸ்ஸி ஹார்ப்பரைப் பயிற்சியாளராகக் கொண்டு வெஸ்ட் பாயிண்டுக்குச் சென்ற அந்த மேற்கத்திச் சிறு கலாசாலை, ராணுவ அணியை 35-க்கு 13 என்ற கணக்கில் வீழ்த்திற்று. டோரே வீசிய பதினேழில் பதினான்கு பிடிபட்டன. அவற்றால் கிடைத்தது 243 கெஜம். முன்வீச்சைக் கண்டுபிடித்த புகழ் வேறெவருக்கு உரியதாயினும், அதை ஓர் அணியின் பிரதான ஆயுதமாக நாட்டுக்குக் காட்டிய பெருமை அன்றைய ஆட்டத்துக்கே சேரும். ராக்னி பிற்காலத்தில் 1918 முதல் 1930 வரை அதே அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்து 105 வெற்றிகளை ஈட்டி, 1931 மார்ச் மாதத்தில் கான்ஸஸ் மாகாணத்தில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார்.

ராக்னியை டைட் எண்ட் என்று அவர் காலத்தவர் எவரும் அழைத்ததில்லை. ஆட்டக்காரர் ஒருவரே தாக்கவும் காக்கவும் வேண்டியிருந்த அக்காலத்தில் ஓரம் என்பது ஒன்றே. நெருங்கிய ஓரம், விலகிய ஓரம் என்ற பாகுபாடு பின்னரே திட்டமாயிற்று. இடைக்காலத்தின் சிறந்த உதாரணம் லியான் ஹார்ட். ஆறடி ஐந்தங்குல உயரமுள்ள அவர் ஆடிய 1946 முதல் 1949 வரையுள்ள நான்கு பருவங்களில் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்றதில்லை. கல்லூரி ஆட்டத்தின் மிக உயர்ந்த கௌரவமாகிய ஹைஸ்மன் விருது 1949-இல் அவருக்குக் கிடைத்தது. 1936-இல் யேல் கலாசாலையின் லாரி கெல்லி பெற்றதை விலக்கினால், வரிசையில் நிற்கும் ஓரத்தவருக்கு அவ்விருது கிடைத்தது அந்த ஒரு முறைதான். தாக்குவோர் வேறு, காப்போர் வேறு என ஆள் மாற்றிக்கொள்ளும் உரிமை 1953-இல் பெரிதும் சுருக்கப்பட்டு 1965-இல் முழுமையாகத் திரும்பியபின், டைட் எண்ட் தனித்த ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்தது.

அந்த வளர்ச்சியின் முதற் கனி டேவ் காஸ்பர். டேக்கிளாகத் தடுத்துப் பழகியவராதலால், டைட் எண்டாக மாறிய பின்னும் தடுப்பையே முதற் கடமையாகக் கொண்டார். 1973 டிசம்பர் 31-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் அலபாமாவோடு நடந்த ஷுகர் பவுல் ஆட்டத்தில், ஒரே புள்ளி முன்னணியோடு தன் எல்லைக் கோட்டருகே ஒடுங்கி நின்ற நோட்டர் டேம் மூன்றாவது முயற்சியில் பந்தை ஓடவிடாமல் வீசத் துணிந்தது; டாம் கிளெமென்ட்ஸ் எல்லைக்குள் நின்று வீசியதை 35 கெஜத் தொலைவில் பிடித்தவர், காஸ்பர் அல்லர்; அப்பருவத்தில் பந்து கையில் படுவதே அரிதாயிருந்த இரண்டாம் டைட் எண்ட் ராபின் வெபர். ஆட்டம் 24-க்கு 23 என முடிந்து, தேசியப் பட்டம் பயிற்சியாளர் ஆரா பார்சீகியனின் அணிக்கு உரியதாயிற்று. பருவத்துக்கு முன் முதல் டைட் எண்ட் யார் என்பதை மட்டும் விசாரித்து, அவருக்கு அடுத்தவர் பெயரைக் கேளாமல் விடுகிற அபிமானிகள் இந்த ஆட்டத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

1977-இல் கென் மகாஃபி ஹைஸ்மன் வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றார். பின்னாளில் பல் வைத்தியரானார். மார்க் பவாரோ, டெரக் பிரவுன், அர்வ் ஸ்மித், கைல் ருடால்ஃப் ஆகியோரும் இம்மரபினரே. டைலர் ஐஃபர்ட் 2012-இல், சிறந்த டைட் எண்டுக்கு 2000 முதல் அளிக்கப்படும் ஜான் மேக்கி விருதைப் பெற்றார். மைக்கேல் மேயர் 180 பிடிகளும் 2,099 கெஜமும் சேர்த்து, இக்கலாசாலையின் டைட் எண்டுகளில் முதலிடம் அடைந்தார்.

டைட் எண்டுகளின் பிறப்பிடம் என்ற பட்டத்துக்கு அயோவா சர்வகலாசாலையும் உரிமை கொண்டாடுகிறது. டாலஸ் கிளார்க், டி. ஜே. ஹாக்கன்சன் என்ற இருவர் அங்கே மேக்கி விருது பெற்றதும், 2019-இல் ஹாக்கன்சனும் நோவா ஃபான்ட்டும் தொழில்முறைச் சங்கத்தின் முதற் சுற்றிலேயே சேர்ந்து தேர்வானதும் மெய்யே. ஜார்ஜியாவின் பிராக் பவர்ஸ் அவ்விருதை இருமுறை வென்றார். 2024-இல் பென் ஸ்டேட்டின் டைலர் வாரன் வென்றார். இவையெல்லாம் சமீப காலத்துச் சிறப்புகள். ராக்னியிலிருந்து மேயர் வரை இடையறாது வரும் பரம்பரை வேறெங்கும் இல்லையாதலின், அப்பட்டம் நோட்டர் டேமையே சாரும்.

பருவத்துக்கு முன் இவ்வணியின் டைட் எண்டுகளை மதிப்பிடுவோர் சென்ற ஆண்டின் பிடிகளை எண்ணி, அவற்றில் எத்தனை திரும்பி வருகின்றன என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். வணிகன் பேரேட்டைப் புரட்டுவது போன்ற இந்த முறை எளிதே; ஆனால் தடுத்த தடுப்புகள் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. வசந்தகாலத்துப் பதினைந்து பயிற்சிகளிலும், அவற்றின் முடிவில் நடக்கும் நீல-பொன் ஆட்டத்திலும், ஆகஸ்டு முகாமிலும் கவனிக்கத் தக்கது, ஒரே டைட் எண்டோடு ஆடுகிறார்களா, பயிற்சியாளர் பாஷையில் பன்னிரண்டு எனப்படும் இரு டைட் எண்டு அமைப்பை நாடுகிறார்களா என்பதே. அனுபவமற்ற குவார்ட்டர்பேக்குக்கு இரண்டாவது அமைப்பு பெருந் துணை; கனத்த சரீரம் ஒன்று கூடுதலாக முன்னே நிற்பதால் ஓட்டத்துக்கு வழியும், எதிரி ஓட்டத்தையே எதிர்பார்த்து முன்னேறுகையில் பின்னே வெற்றிடமும் கிடைக்கின்றன.

2025 பருவத்துக்கு முன் இருந்த நிலை: 2025 ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்தில் ஓஹையோ ஸ்டேட்டிடம் 34-க்கு 23 எனத் தோற்ற பயிற்சியாளர் மார்க்கஸ் ஃப்ரீமனின் அணியிலிருந்து மிட்செல் எவன்ஸ் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றுவிட்டிருந்தார், முழங்கால் காயங்களிலிருந்து மீண்ட எலை ராரிடன் முதல் டைட் எண்டாகவிருந்தார், கூப்பர் ஃப்ளானகன் குதிகால் தசைநாண் காயத்தினின்று தேறிவந்தார், ஆர்க்கன்ஸாவிலிருந்து டை வாஷிங்டன் வந்து சேர்ந்திருந்தார். அப்பருவத்தின் முதல் ஆட்டம் ஆகஸ்டு 31-ஆம் தேதி மையாமியில் நடந்தது.