நஞ்சையும் மனையும்

முல்லைப் பெரியாற்றங்கரை வீரபாண்டியைத் தென்மாவட்டங்களில் அறியாதார் குறைவு. சித்திரைத் திருவிழாவுக்கு வருவோர் ஆற்றில் நீராடி, கௌமாரியம்மனை வணங்கித் திரும்புவர். வழியெங்கும் அவர்கள் காணும் வயல்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் நிலம் 14,707 ஏக்கர் என்பது பாசனக் கணக்கு. 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி வந்து இந்த இருபோகத்தை நிலைநிறுத்தியது.

இந்நிலத்தை வருவாய்த் துறைப் பதிவேடு 'நஞ்சை' என்கிறது. நீர் நிற்கும் நிலம் என்பதே அதன் பொருள். ஆனால் நடுவண் அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளைப் புரட்டினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. நெல்வயலும், பாசனத்துக்கென மனிதர் வெட்டிய நீர்நிலையும் அவ்விதிகளின்படி ஈரநிலம் ஆகா! நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளாக ஏரியும் கண்மாயும் வெட்டி நீரைத் தேக்கிய நாட்டில், இந்த விலக்கு எத்தனை நிலத்தை வெளியே தள்ளிவிடுகிறது என்பதை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீர்நிலையைக் குடியிருப்பாக்குவது இன்று தோன்றிய பழக்கமன்று. சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் வந்த சில ஆண்டுகளில், மாம்பலத்தை ஒட்டிக் கிடந்த நீண்ட ஏரி வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலை இன்றும் உள்ளது. பார்ப்பதற்குத்தான் ஏரி இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மதுரைக்காரர்கள் தல்லாகுளத்தில் குளத்தைத் தேடி ஏமாறலாம். இவற்றையெல்லாம் வளர்ச்சி என்றே அந்நாளில் பலரும் போற்றினர். இன்று அவ்வீடுகளில் வாழ்வோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று.

ஊரார் எழுந்து தடுக்க முனைந்த வழக்குகளில் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைப்பது திருப்பதி வழக்கு. திருப்பதியை அடுத்து அவிலாலா, பேரூரு என இரண்டு பழைய ஏரிகள் உள்ளன. 1991-ல் ஆந்திர அரசு அவிலாலா ஏரி நிலத்தில் 90 ஏக்கரை வீட்டுவசதி வாரியத்துக்குக் கொடுத்தது. 1994-ல் பேரூரு ஏரி நிலத்தில் 150 ஏக்கரைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வீட்டுத் திட்டத்துக்கு அளித்தது. 'அறிவாளர் மன்றம்' என்று பொருள்படும் பெயர் கொண்ட உள்ளூர்ச் சங்கம் ஒன்று நீதிமன்றம் ஏறியது. ஏரி பயனற்றுக் கிடக்கிறது, இனி அது நீர்நிலையே அன்று என்பது எதிர்த்தரப்பின் வாதம். மழை பெய்தால் நிலத்தடியில் நீர் ஊறுவதே அந்த ஏரியின் பயன் என்றனர் ஊரார்.

இந்த வாதத்தை நாம் கவனிக்க வேண்டும். ஒரு நீர்நிலை பெரும்பாலும் முதலில் காகிதத்தில்தான் சாகிறது. வரத்துக்கால் தூர்கிறது, யாரும் வெட்டுவதில்லை. நீர் வராத ஏரியில் முள் முளைக்கிறது. பிறகு ஒருவர் வந்து பார்த்து 'பயனற்றது' என்று எழுதுகிறார். அந்தச் சொல்லுக்குப் பின்னர் மனைக்கல் நடுவது எளிது. நோயாளிக்கு மருந்தை நிறுத்திவிட்டு, அவர் பிழைக்கமாட்டார் என்று சான்று எழுதுவதை ஒத்தது இது.

உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. உச்சநீதிமன்றம் 2006 பிப்ரவரி 23 அன்று தீர்ப்பளித்தது. அமர்வில் இருந்தவர்கள் நீதிபதி ரூமா பால், நம் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஏ. ஆர். லட்சுமணன் ஆகியோர். இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்களுக்காக அவற்றைக் காக்கும் அறங்காவலரே என்ற கோட்பாட்டை அவர்கள் எடுத்துரைத்தனர். ஆயினும் முதல் அரசாணைக்கும் தீர்ப்புக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன, வீடுகள் எழும்பிவிட்டன. ஆகவே அவை இடிக்கப்படவில்லை. இனிக் கட்டக் கூடாது. அவிலாலாவில் கட்டிய வீடுதோறும் மழைநீரைச் சேமிக்க வேண்டும், அங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டக் கூடாது. பேரூருவில் வரத்துக்காலைச் சீர்செய்து, நீர் ஊறும் குளம் அமைக்க வேண்டும் என்பவை ஆணைகள். ஊராரின் வாதம் வென்றது. ஏரியில் பாதியே மிஞ்சியது எனலாம்.

கொல்கத்தாவில் காலம் ஊரார் பக்கம் இருந்தது. நகரின் கிழக்கே கழிவுநீரில் மீன் வளர்த்து, காய்கறி பயிரிடும் பெருநிலப் பரப்பை 1992-ல் உயர்நீதிமன்றம் கட்டடங்களிலிருந்து காத்தது. மண் கொட்டும் முன்பே குடிமக்கள் அமைப்பொன்று வழக்குத் தொடுத்திருந்தது. 2002-ல் 12,500 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது.

வீரபாண்டியில் நிலைமை வேறு. ஏரி பொதுச் சொத்து. நஞ்சை பட்டா நிலம். ஏரியைக் காக்க 'எங்கள் ஏரி' என்று ஊரார் வழக்காடலாம். தன் வயலை விற்கும் உழவரிடம் அப்படிச் சொல்ல இயலுமா? பெண்ணின் திருமணமோ மருத்துவச் செலவோ வரும்போது, நெல்லின் வருவாயும் மனையின் விலையும் எதிரெதிரே நிற்கின்றன. அவரைப் பழிப்போரில் பலர் ஊரில் பயிர் செய்யாதவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டமும் ஓரளவே துணை நிற்கிறது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாதெனச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. மறு ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன.

ஆனால் நெல்வயல் தனித்து நிற்பதில்லை. மேல்வயலின் நீர் வரப்பின் மடை வழியாகக் கீழ்வயலுக்கு இறங்குகிறது; மிகுநீர் வடிவதும் அவ்வழியே. நடுவில் ஒரு வயலில் செம்மண் கொட்டி மேடாக்கினால், கீழுள்ளவருக்குப் பாசனமும் தடைப்படும். மேலுள்ளவருக்கு வடிகாலும் அடைபடும். மேலவருக்கு வயலில் நீர் தேங்கும், கீழவருக்கு நிலம் காயும். இரண்டு போகம் இழந்தபின் அவர்களும் தரகரைத் தேடுவர். அப்போது எதிர்க்க எவரும் மிஞ்சமாட்டார்.

மலைக்கு அப்பால் கேரளம் 2008-ல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. தன் வயலாயினும் உரிமையாளர் விருப்பம்போல் நிரப்ப அச்சட்டம் இடம் தரவில்லை. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர் ஆகியோருடன் உழவர் பிரதிநிதிகள் மூவரும் அமர்ந்து பார்க்கும் உள்ளூர்க் குழு ஒன்றையும் அது ஏற்படுத்தியது. பின்வந்த திருத்தங்கள் அச்சட்டத்தைத் தளர்த்தின என்ற குறை அங்கும் உண்டு. தமிழ்நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. மேல்வயல் விலை பேசப்படும் நாளில் கீழ்மடைக்காரரை அழைத்து, உமக்கு நீர் எவ்வழி வரும் என்று கேட்கும் இடம் வீரபாண்டியில் இன்னும் அமையவில்லை.