மாட்டு மூக்கிலும் வௌவால் குடலிலும்

திருவல்லிக்கேணியில் மாட்டுக்கு வழிவிடாமல் ஒரு தெருவைக் கடப்பது கடினம். பொழுது சாய்ந்தால் வாதாம் மரங்களுக்குப் பழந்தின்னி வௌவால்கள் வந்துவிடும். காலையில் மரத்தடியில் சதை சுரண்டிய கொட்டைகள் கிடக்கும். இரண்டு உயிர்களின் உடம்பிலும் ஒட்டுண்ணிப் புழுக்கள் உண்டு. மாட்டுப் புழுக்களைப் பற்றி நிறையத் தெரியும், வௌவால் புழுக்களைப் பற்றிக் கொஞ்சம்தான். மாட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார் என்பது பாதிக் காரணம். மீதி, புழுக்கள் வாழும் விதத்திலேயே இருக்கிறது.

மூக்கடைத்து, சளி ஒழுக, குறட்டை விட்டு மூச்சு வாங்கும் மாட்டை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. அந்த நோயை உண்டாக்கும் புழுவுக்கு 1933இல் ஷிஸ்டோசோமா நேசேல் என்று பெயரிட்டவர் எம். ஏ. என். ராவ். மறு ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையே ஓர் ஒப்பாய்வுதான். மான்ட்கோமரி 1906இல் விவரித்திருந்த ஷிஸ்டோசோமா ஸ்பிண்டேலுக்குப் பக்கத்தில் தன் புழுவை வைத்துப் பார்த்தார். இரண்டும் சிரைகளுக்குள் வாழ்பவை. இரண்டின் இளம்பருவமும் இண்டோபிளானார்பிஸ் என்ற ஒரே குளத்து நத்தைக்குள் கழிகிறது. ஆனால் ஸ்பிண்டேல் குடலைச் சுற்றிய சிரைகளில் இருக்கும். நீண்டு கூர்ந்த அதன் முட்டை சாணத்தோடு வெளியேறும். நேசேல் மூக்குச் சவ்வின் சிரைகளில் இருக்கும். அதன் முட்டை வளரி போல வளைந்தது, சளியோடு வெளியேறும். புது இனம் என்று சொல்வதற்கு இதுதான் வேலை: மிக நெருங்கிய உறவினத்திலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டுவது.

வௌவால் புழு இப்படிக் குரல் கொடுத்து அழைப்பதில்லை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் எச். ஏ. பேலிஸ் 1936இல் பழந்தின்னி வௌவாலில் இருந்த உருண்டைப் புழு ஒன்றை டாக்சோகாரா டெரோபோடிஸ் என்று விவரித்தார். பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் நூல்வரிசையில் உருண்டைப் புழுக்களைப் பற்றிய அவருடைய முதல் தொகுதி வந்ததும் அதே ஆண்டுதான். அந்தப் புழு எப்படி வாழ்கிறது என்பது துலங்க 1980கள் வரை ஆயிற்று. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பால் ப்ரோசிவ் கண்டது வியப்பானது. வளர்ந்த வௌவாலின் கல்லீரலில் இளம்புழுக்கள் அசையாமல் காத்திருக்கின்றன. தாய் குட்டி ஈன்றதும் பால் வழியே குட்டிக்குப் போகின்றன. பால்குடிக் குட்டியின் குடலில்தான் அவை முழுப்புழுவாகின்றன. வளர்ந்த வௌவால்களின் குடலை மட்டும் அறுத்துப் பார்த்தவருக்கு இந்தப் புழு இருப்பதே தெரியாமல் போயிருக்கும். மாடு எந்நாளும் மூக்கால் சொல்கிறது; வௌவாலோ வயதும் பருவமும் பார்த்துப் போகிறவருக்கே சொல்கிறது.

இன்னொரு வேறுபாடு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மாடு எந்த இனம் என்று ராவ் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வௌவாலில் அந்த உறுதி கிடையாது. ஆங்கஸ் ஹட்டன் 1948இல் மேகமலையில் பிடித்த ஒரு வௌவால், சாதாரணக் குட்டைமூக்குப் பழவௌவால் என்ற பெயரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் கிடந்தது. 1972இல் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்றார்: லாட்டிடென்ஸ் சலீமலியை. அந்த வௌவாலில் அன்று யாராவது ஒரு புழுவை எடுத்து விவரித்திருந்தால், ஓம்புயிரின் பெயர் தவறாகவே பதிவாகியிருக்கும். புழுவை மட்டும் புட்டியில் காப்பாற்றிவிட்டு வௌவாலைத் தூக்கிப் போட்டிருந்தால், அந்தத் தவற்றைத் திருத்த வழியே இருந்திருக்காது.

புழுவுக்காக வௌவாலைக் கொல்வதை நான் ஏற்கவில்லை. பழந்தின்னி வௌவால்களை வனவிலங்குச் சட்டம் வெகுகாலம் எலி, காக்கையோடு தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது. எச்சத்தில் முட்டைகளைத் தேடலாம், அவற்றின் மரபணுவைப் படிக்கலாம். உருவத்தை வரைந்து அளக்க முழுப்புழு வேண்டுமென்றால் மின்கம்பியில் அடிபட்டு விழும் வௌவால்கள் இருக்கின்றன. கையுறையோடு எடுத்து, புழுவை ஒரு புட்டியிலும் வௌவாலை அதன் பக்கத்திலும் ஒரே எண்ணிட்டு வைக்க வேண்டும். அதற்கு இடம் தொலைவில் இல்லை. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் சாந்தோம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது.