டனலுக்குள்ளே ஒரு விடியல்

காகா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார் என்பதை நான் கவனித்தது நாலாவது பயணத்தில்தான்.

காகா என்றால் மராத்தியில் சித்தப்பா. எங்கள் ஆபீஸுக்கு வண்டி ஓட்டுபவர். அவர் வயதுக்கு இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். நான் புனேவுக்கு வேலைக்கு வந்து 18 வருஷமாகிறது. மாதம் இரண்டு மூன்று தடவை மும்பை போகவேண்டியிருக்கும். 2002ல் முழுதாகத் திறந்த எக்ஸ்பிரஸ்வேயில் காம்ஷேத், மாடப், பாதான் என்று வழியெல்லாம் டனல்கள். வாசல் நெருங்கும்போது காகா ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். உள்ளே நுழைந்ததும் திறந்துவிடுவார்.

"என்ன காகா, தூக்கமா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"இல்லை சாஹேப். லாரி ஓட்டின காலத்துப் பழக்கம். ஒரு கண்ணுக்கு இருட்டை முன்னாலேயே காட்டி வைத்துவிட்டால் உள்ளே போனதும் தடுமாறாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது. சில வருஷம் முன்பு குடும்பத்தோடு நானே காரோட்டிக்கொண்டு ஒரு டனலுக்குள் நுழைந்தேன் (எந்த ஊர், எந்த டனல் என்பதெல்லாம் வேண்டாம்). உச்சி வெயில். வாசல் பக்கத்து விளக்குகள் பாதிக்கு மேல் எரியவில்லை. உள்ளே ஒரு லாரி பிரேக்டவுன் ஆகி நின்றிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை. மனைவி கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். லாரிக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு முழம் இருந்தால் அதிகம். அன்றிலிருந்து டனல் வாசலைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்த்துவிடும். சின்ன வயதில் செங்கோட்டை-புனலூர் ரயிலில் மலைக்குகை வந்ததும் 'ஓ'வென்று கூவிய அதே ஆள்தான் நான்!

தவறு முழுக்க என்னுடையது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். காகாவின் ஒற்றைக் கண்தான் என்னைப் படிக்க வைத்தது. படித்ததில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் லண்டன். தேம்ஸ் நதிக்கு அடியில் போகும் பிளாக்வால் டனல் 1897ல் திறந்தபோது உள்ளே போனவை பெரும்பாலும் குதிரை வண்டிகள். சுவரில் வெளிச்சம் பட்டுத் தெறிக்க வெள்ளை ஓடுகள், மேலே மின்சார விளக்குகள். அந்த டனலில் வளைவுகள் உண்டு. நேர்கோட்டில் கட்டியிருந்தால் மறுமுனையில் பகல் வெளிச்சத்தைக் கண்ட குதிரைகள் மிரண்டு ஓடும், அதனால்தான் வளைத்தார்கள் என்று ஒரு கதை இன்றும் சொல்கிறார்கள். நிலத்தடியில் வேறு தடைகள் இருந்ததுதான் காரணம் என்பாரும் உண்டு. எது சரியோ, டனலுக்குள் போகிறவரின் மனசைப் பற்றிய முதல் கவலை குதிரைக்காகப் பட்டதாக இருக்கலாம் :-)

அடுத்தது நியூயார்க்கின் ஹாலண்ட் டனல், 1927. குதிரை போய் மோட்டார் வந்துவிட்டது. எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடில் ஓட்டுநர் மயங்காமல் இருக்க வேண்டும். அதனால் அங்கே பெரிய கவலை காற்று. ராட்சத விசிறிகள் வைத்து அதைத் தீர்த்தார்கள்.

வெளிச்சத்தில் அடுத்த மாற்றம் சோடியம் விளக்கு. 1932ல் நெதர்லாந்தில் ஒரு சாலையில் முதலில் எரிந்த இந்த மஞ்சள் விளக்கு பிறகு டனல்களுக்குள்ளும் புகுந்தது. மின்சாரச் செலவு குறைவு. ஒரே நிற ஒளி என்பதால் பொருள்களின் விளிம்பு தெளிவாகத் தெரியும். ஆனால் வண்ணம் தெரியாது. சிவப்புக் காரும் நீலக் காரும் ஒன்றுபோலத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகம் பிணக்களையில் இருக்கும். கண்ணுக்கு வேலை ஆனது, மனசைக் கேட்பார் இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நடுப்பகலில் வெளியிலிருந்து பார்த்தால் டனல் வாசல் கறுத்த ஓட்டையாகத் தெரியும். 'கருந்துளை விளைவு' என்கிறார்கள். வெயில் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கான கேண்டெலாவில் அளப்பார்கள். டனலின் நடுப்பகுதியில் அது ஒற்றை இலக்கத்தில் இருந்தாலே போதும். அவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு நம் கண் உடனே பழகாது. 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போய்விடுகிறோம். கண் பழகுவதற்குள் லாரி வந்துவிடும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஷ்ரோடர் என்ற ஆய்வாளர் 1964ல் தன் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வே டனல் விளக்குகளைப் பற்றியதுதான். இன்றைய சர்வதேச விதிகளின் சாரம் இது: வாசலை ஒட்டி, பிரேக் போட்டு வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டுமோ அவ்வளவு தூரத்துக்கு வெளிச்சம் பலமாக இருக்க வேண்டும். பிறகு கண் பழகப் பழகப் படிப்படியாகக் குறையலாம். அதாவது வெயில் கொளுத்தும் மதியம்தான் டனல் வாசலில் அதிக விளக்கு எரிய வேண்டிய நேரம். ராத்திரியில் கொஞ்சம் போதும்! 'பட்டப்பகலில் எதற்கு இத்தனை லைட்' என்று யாராவது சிக்கனம் பிடித்து அணைத்தால், அவர் மிச்சம் பிடிப்பது மின்சாரம், பணயம் வைப்பது உயிர். அன்றைக்கு நான் வேகத்தைக் குறைக்காதது என் தவறு. பாதித் தவறு அந்த எரியாத விளக்குகளுடையது.

இன்னொன்று, மினுக்கல். விளக்குகளை 4 மீட்டருக்கு ஒன்று என மாட்டியிருந்தால் 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஐந்தரைத் தடவை கண்ணில் வெளிச்சம் அடிக்கும். நொடிக்கு 4 முதல் 11 தடவை என்ற அளவில் இது 20 நொடிக்கு மேல் நீடித்தால் எரிச்சலும் அசௌகரியமும் வரும் என்பதால் அந்த இடைவெளிகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். 10 மீட்டருக்கு ஒன்று என்றால் நொடிக்கு இரண்டு சொச்சம், பிரச்சினை இல்லை. 'டனல் வந்தாலே தலைவலி' என்று என் மாமியார் சொன்னதை இனிமேல் நான் கிண்டல் செய்வதாக இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணின் கதை. மனசின் கதை நார்வேயில். ஓஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையே லேர்டால் டனல், 24.5 கி.மீ. நீளம், உலகத்திலேயே நீளமான சாலை டனல். கடக்க இருபது நிமிஷம் ஆகும். அவ்வளவு நேரம் ஒரே மாதிரி பாறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனால் சிலருக்குப் பயம், சிலருக்குத் தூக்கம். இரண்டுமே ஆபத்து. கட்டுவதற்கு முன்பே உளவியல் தெரிந்தவர்களை அழைத்தார்கள். 'சின்டெஃப்' என்ற ஆராய்ச்சி நிறுவனம் சிமுலேட்டரில் ஆட்களை ஓட்டவைத்துப் பார்த்தது.

விடை எளிமையானது. சுமார் ஆறு கி.மீ.க்கு ஒரு பெரிய குடைவு, மொத்தம் மூன்று. அங்கே மேலே நீல வெளிச்சம், கீழே ஓரத்தில் மஞ்சள். சூரியன் உதிக்கப் போகிற வானம் மாதிரி. நீண்ட டனல் ஒன்று நான்கு சின்ன டனல்களாகிவிடுகிறது. 'இதோ அடுத்த விடியல்' என்று மனசு தைரியமாகிறது. 2000 நவம்பர் 27ல் மன்னர் ஹரால்ட் திறந்து வைத்தார். 2007ல் சீனாவில் திறந்த 18 கி.மீ. ஜோங்நான்ஷான் டனலிலும் இடையிடையே மேகமும் வானமும் செயற்கைச் செடிகளுமாக மூன்று இடங்கள் அமைத்தார்கள்.

நம் ஊரில் 1956ல் பனிஹாலில் ஜவஹர் டனல் திறந்தபோது நீளம் மூன்று கி.மீ.க்கும் குறைவு. 2017ல் செனானி-நஷ்ரி, 2020ல் ரோதாங்கில் அடல் டனல், இரண்டுமே ஒன்பது கி.மீ. அளவில். பனி மூடிய மலையில் டனல் வாசல் இன்னும் கறுப்பாகத் தெரியும், ஏனென்றால் சுற்றிலும் கண் கூசும் வெள்ளை. இனி இங்கே வரப்போகும் டனல்கள் இன்னும் நீளமானவை. அவற்றில் தினமும் போகப்போவது சுற்றுலா வருகிற நாம் இல்லை, காகா மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்தே பிழைப்பவர்கள். நீளத்தையும் செலவையும் பெருமையாகச் சொல்கிறோம், ஓட்டுகிறவருக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று யாராவது அவர்களிடம் கேட்கிறார்களா?

லேர்டால் படங்களைப் போனில் காகாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதை டிரைவர் யாரோ சொல்லித்தான் கட்டியிருப்பார்கள், சாஹேப்" என்றார்.

பி.கு: காகாவின் ஒற்றைக் கண் வித்தையை நான் சிபாரிசு செய்யவில்லை. ஒரு கண்ணில் தூரம் சரியாகப் பிடிபடாது. வாசலுக்கு முன்பே கூலிங் கிளாஸைக் கழற்றுங்கள், ஹெட்லைட்டைப் போடுங்கள், முன் வண்டிக்கு நிறைய இடம் விடுங்கள். நான் இப்போது அப்படித்தான் போகிறேன். உள்ளங்கை இன்னும் கொஞ்சம் வியர்க்கத்தான் செய்கிறது.