ஜெர்மன் பாட்டில்கள் நின்றபோது பிறந்த புத்தகம்

1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது அமெரிக்காவின் வேதியியல் ஆய்வுக்கூடங்களில் அலமாரிகள் காலியாகத் தொடங்கின. அதுவரை கரிம வேதியியல் ஆய்வுக்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தே வந்துகொண்டிருந்தன. பெர்லினில் இருந்த கால்பாம் நிறுவனத்துக்கு எழுதிப் போட்டால் போதும், நம்பத்தக்க தூய்மையோடு பாட்டில்கள் கப்பலேறி வந்துவிடும். பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகை அந்த வழியை அடைத்துவிட்டது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் டெரிக் என்ற பேராசிரியர், கோடை விடுமுறையில் மாணவர்களை வைத்தே வேண்டிய பொருள்களைத் தயாரிக்க ஆரம்பித்தார். 1916இல் அவர் விலகியதும் பொறுப்பு ரோஜர் ஆடம்ஸின் கைக்கு வந்தது. நம் எம்.எஸ்ஸி. மாணவர்கள் ‘ஆடம்ஸ் வினையூக்கி’ என்று படிக்கிறார்களே, அதே ஆடம்ஸ். போருக்கு முன் பெர்லினில் ஆய்வு செய்துவிட்டு வந்தவர் என்பதால், நின்றுபோன பாட்டில்களின் அருமை அவருக்கு நேரடியாகத் தெரியும். அவர் அந்தக் கோடை வேலையைச் சிறு தொழிற்சாலை போலவே நடத்தினார். மாணவர்களுக்குக் கூலி உண்டு. மூலப்பொருளின் விலை, செலவான மணிநேரம், கிடைத்த விளைச்சல் எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். தயாரான பொருள் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் விலைக்குப் போனது. கார்ல் மார்வெல் என்ற இளைஞர் போர்க்காலத்தில் தன் முனைவர் படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு இதிலேயே உழைத்தார். பிற்காலத்தில் பாலிமர் வேதியியலின் பெரும் பெயர்களில் ஒன்றானவர் அவர்.

என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது அவர்களுக்கு எதிர்ப்பட்ட சிக்கல்தான். செய்முறைகள் எல்லாமே ஆய்விதழ்களில் அச்சாகி இருந்தன. ஆனால் அவற்றைப் பார்த்துச் செய்தால் பொருள் சொன்னபடி வருவதில்லை. எவ்வளவு வேகமாகக் கலக்குவது, எந்த வெப்பநிலையில் நிறுத்துவது, படிகம் பிரியாவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் கட்டுரையில் இருக்காது. சில கிராமுக்கு எழுதிய முறையைக் கிலோ அளவில் செய்யும்போது குடுவை பொங்கி வழியும். பாட்டிலை விலைக்கு வாங்கிய காலத்தில் இந்தக் கைப்பக்குவத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டிருந்தார்கள். வரத்து நின்ற பிறகுதான் அது தங்களிடம் இல்லை என்பது புரிந்தது.

ராச்செஸ்டரில் கோடாக் நிறுவனத்துக்கும் இதே தட்டுப்பாடு. அதன் ஆய்வுக்கூடத் தலைவர் கென்னத் மீஸ், ஆய்வுக்கான கரிமப் பொருள்களைத் தயாரித்து விற்கவே 1918இல் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அதை நடத்தியவர் இங்கிலாந்தில் பிறந்த ஹான்ஸ் கிளார்க். எஷ்வைலர்–கிளார்க் வினையில் வரும் கிளார்க் இவர்தான். இல்லினாயும் கோடாக்கும் ஒரே சந்தையில் விற்றாலும், செய்முறைகளை ஒளித்துவைக்கவில்லை. இல்லினாயில் தேறிய முறைகள் 1919 முதல் சிறு வெளியீடுகளாக வந்தன. 1921இல் ஆடம்ஸ், கிளார்க், ஹார்வர்டின் ஜேம்ஸ் கோனன்ட், ஆலிவர் காம் ஆகிய நால்வரும் ஆசிரியர்களாகச் சேர்ந்து ‘ஆர்கானிக் சிந்தசீஸ்’ முதல் தொகுதியைக் கொண்டுவந்தார்கள்.

அதன் விதி ஒன்றே ஒன்று, ஆனால் கடுமையானது. ஒருவர் அனுப்பும் செய்முறையை வேறோர் ஆய்வுக்கூடத்தில், வேறொருவர், எழுதியதை மட்டும் வைத்துச் செய்து பார்க்க வேண்டும். சொன்ன விளைச்சல் வந்தால்தான் அச்சு. ஒவ்வொரு செய்முறையின் தலைப்பிலும் அனுப்பியவர் பெயரோடு சரிபார்த்தவர் பெயரும் இருக்கும். பிறருடைய சோதனையைத் திரும்பச் செய்யும் வேலைக்கு அறிவியல் உலகில் பெயரும் புகழும் கிடைப்பது அரிது. இங்கே அந்த உழைப்பும் பெயரோடு பதிவானது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1922இல் வந்த இரண்டாம் தொகுதியில் குயினோலின் தயாரிப்பைப் பாருங்கள். அனிலீன், கிளிசரின், நைட்ரோபென்சீன், அடர் கந்தக அமிலம் இவற்றைச் சேர்த்துச் சூடாக்கும் ஸ்க்ராப் முறை அது. திடீரென்று கட்டுமீறிக் கொதிப்பதில் பேர்போனது. கிளார்க்கும் அவரோடு செய்தவரும் பெரஸ் சல்பேட்டைச் சேர்த்து, வினை நிதானமாக நீண்ட நேரம் நடக்கும்படி செய்தார்கள். பொருள்களை எந்த வரிசையில் சேர்ப்பது, சூடாக்கும் முன் ஏன் நன்றாகக் கலந்துவிட வேண்டும் என்பதைத் தனிக் குறிப்புகளாக எழுதிவைத்தார்கள். ஆய்விதழ்கள் விட்டுவிட்ட கைப்பக்குவம் அந்தக் குறிப்புகளில்தான் அச்சேறியது.

போர் முடிந்து ஜெர்மன் பாட்டில்கள் திரும்பி வந்த பிறகும் தொகுதிகள் நிற்கவில்லை. இன்றும் வருகின்றன, இன்றும் ஒவ்வொரு செய்முறையும் இன்னோர் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கப்படுகிறது. பழைய தொகுதிகள் உட்பட எல்லாமே இணையத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. விலையுயர்ந்த வினைப்பொருளை வாங்க வழியில்லாத கல்லூரி ஆய்வுக்கூடத்தில், அதை எப்படித் தயாரிப்பது என்று தேடுகிறவர் இன்றும் முதலில் பார்க்கும் இடங்களில் ஒன்று அது.