நைட்ரஜன் மஸ்டர்ட் சிகிச்சையின் தொடக்கம்: பாரித் துறைமுகமா, யேல் மருத்துவமனையா?

புற்றுநோய்க்கான கீமோதெரபி பாரித் துறைமுகப் பேரழிவிலிருந்து பிறந்தது என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. 1943 டிசம்பர் 2 இரவு ஜெர்மன் விமானங்கள் இத்தாலியின் பாரியைத் தாக்கியபோது ‘ஜான் ஹார்வி’ என்ற அமெரிக்கக் கப்பல் வெடித்தது. அதில் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்த சுமார் 2,000 குண்டுகளின் கடுகு வாயு நீரிலும் காற்றிலும் கலந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 600க்கும் மேற்பட்டோரில் 83 பேர் அம்மாத முடிவுக்குள் இறந்தனர். விசாரிக்கச் சென்ற இராணுவ மருத்துவர் ஸ்டூவர்ட் அலெக்சாண்டர், பாதிக்கப்பட்டவர்களின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்ததைத் தம் அறிக்கையில் பதிவு செய்தார்.

இந்த அறிக்கையே புற்றுநோய்க்கு எதிரான போரைத் தொடங்கிவைத்தது என்பது ஜெனட் கோனன்ட் 2020இல் வெளியிட்ட நூலின் வாதம். அதன் துணைத்தலைப்பே அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்க இராணுவ வேதிப்போர்ப் பிரிவின் மருத்துவத் தலைவர் கார்னிலியஸ் ரோட்ஸ் அறிக்கையின் பொருளை உணர்ந்தார். 1945இல் நிறுவப்பட்ட ஸ்லோன்-கெட்டரிங் ஆய்வு நிலையத்துக்கு அந்த உணர்வு வழிவகுத்தது என்று கோனன்ட் தொடர்புபடுத்துகிறார். யேல் பல்கலைக்கழகத்தின் முந்தைய சோதனையை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் அது அவருடைய கதையில் முன்னுரையாகச் சுருங்கிப்போகிறது. அலெக்சாண்டரின் துணிவையும் நேர்மையையும் எவரும் மறுக்க முடியாது, காலவரிசைதான் இடிக்கிறது.

வெள்ளணு குறைவது பாரியில் கண்டறியப்பட்ட புதுமையன்று. முதல் உலகப்போரில் கடுகு வாயுவுக்கு ஆளான வீரர்களின் இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் ஏற்பட்ட சிதைவை எட்வர்ட் கிரம்பார் 1919இலேயே எழுதிவிட்டார். யேலில் லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் இருவரும் 1942இல் அரசு ஒப்பந்தத்தின் கீழ் எடுத்துக்கொண்ட சேர்மமும் வேறு. பாரியில் கசிந்தது கந்தகம் கொண்ட கடுகு வாயு. அவர்கள் ஆராய்ந்தது நைட்ரஜன் கொண்ட மஸ்டர்ட். அதை உப்பாக்கிக் கரைத்து நரம்பூசி வழியே செலுத்தலாம். நிணநீர்த் திசுவை இது குறிப்பாகத் தாக்குவதைக் கண்டபின், தாமஸ் டோர்ட்டியின் உதவியுடன் நிணநீர்க் கட்டி கொண்ட சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்த்தனர், கட்டி சுருங்கியது. அறுவை மருத்துவர் குஸ்டாஃப் லின்ட்ஸ்கோக் அதை ஒரு நோயாளிக்கு அளிக்க இசைந்தார்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் ஜே.டி. என்று மட்டும் குறிக்கப்படும் அந்த நோயாளியின் மருத்துவக் குறிப்பேடுதான் இவ்வழக்கின் முதன்மைச் சான்று. ஜான் ஃபென், ராபர்ட் உடல்ஸ்மன் இருவரும் அதைத் தேடியெடுத்து 2011இல் வெளியிட்டனர். முதல் ஊசி 1942 ஆகஸ்ட் 27 காலை 10 மணிக்குப் போடப்பட்டது. போர்க்கால இரகசியம் காரணமாக மருந்தின் பெயர் அதில் இல்லை. நிணநீர் அணுக்களை அழிக்கும் பொருள் என்பதுபோன்ற மறைபெயர்களே உள்ளன. கதிர்வீச்சுக்கு அடங்காத கட்டி சில நாட்களில் சுருங்கியது. மஜ்ஜையும் சேர்ந்து அழிந்தது. கட்டி மீண்டும் வளர, அடுத்தடுத்த சுற்றுகள் பலன் குன்றின. 1942 டிசம்பர் 1 அன்று அவர் இறந்தார்.

குறிப்பேடு வெளிவரும்வரை பல நூல்கள் முதல் சிகிச்சை 1942 டிசம்பரில் நடந்ததாகவே கூறிவந்தன. டிசம்பரில் சிகிச்சை பெற முதல் நோயாளி உயிரோடு இல்லை. இறப்பு நாள் தொடக்க நாளாக மாறி வழங்கியிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு, நிறுவச் சான்றில்லை. எப்படியாயினும், பாரித் தாக்குதலுக்கு 15 மாதங்களுக்கு முன்பே மருந்து மனித உடலுக்குள் சென்றுவிட்டது.

ரோட்ஸ் பற்றிய வாதம் மட்டும் எஞ்சுகிறது. யேல் பணி அரசு ஒப்பந்தப் பணி. அதன் முடிவுகள் வேதிப்போர் மருத்துவத் தலைவரின் மேசைக்கு வராமல் இருந்திருக்கும் என்பது நம்பத்தக்கதன்று. பாரி அறிக்கை அவருடைய ஊக்கத்தைக் கூட்டியிருக்கலாம். ஆனால் ஊக்கம் வேறு, தோற்றம் வேறு. யேல் முடிவுகளும் பிற மையங்களின் முடிவுகளும் இரகசியம் தளர்ந்தபின் 1946 செப்டம்பரில்தான் 67 நோயாளிகளின் விவரத்துடன் அச்சேறின. முதலில் பொதுவெளிக்கு வந்தது எது என்பதைவிட முதலில் நடந்தது எது என்பதே இங்கு கேள்வி.

தொடக்கத்தை விபத்தாகக் காட்டுவதில் இன்னொரு பிழையும் ஒட்டிக்கொள்கிறது: கீமோதெரபி தற்செயலான நஞ்சு, இன்றைய இலக்குநோக்கு மருந்துகளே திட்டமிட்டவை என்ற எதிர்நிலை. யேல் குழுவினர் திசுவைத் தேர்ந்தே சுட்டனர். மூலக்கூறைக் குறிபார்க்கும் அறிவு அப்போது இல்லை. அந்த அறிவு படிப்படியாக வந்தது. 1948இல் சிட்னி ஃபார்பர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவின் குழு உருவாக்கிய ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்தைக் குழந்தைகளின் லுகேமியாவுக்குப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். ஒருவகை லுகேமியாவின் அடையாளமான பிலடெல்பியா குரோமோசோம் 1960இல் காணப்பட்டது. அது 9, 22 ஆம் குரோமோசோம்களின் இடமாற்றம் என்பதை 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அம்மாற்றத்தால் உருவாகும் நொதியைத் தடுக்கும் இமாட்டினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

புதியது வந்ததால் பழையது கைவிடப்படவில்லை. நிணநீர்ப் புற்றுநோய்களில் ஒரு பெரும்பிரிவுக்கு இன்றும் வழங்கப்படும் ஆர்-சாப் சிகிச்சையில், 1997இல் அனுமதிக்கப்பட்ட ரிட்டுக்ஸிமாப் என்ற இலக்குநோக்கு எதிர்ப்பொருளும், நைட்ரஜன் மஸ்டர்ட் வழிவந்த சைக்ளோபாஸ்பமைடும் ஒரே சுற்றில் செலுத்தப்படுகின்றன.