தொழுநோயும் சிங்கப்பூரும்: அறமும் ஆராய்ச்சியும் சேர்ந்த வரலாறு

மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதியில் வள்ளுவர் வகுத்துரைக்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அவை. நான்கில் ஒன்று குறைந்தாலும் நோய் தீராது. தொழுநோயைப் பொறுத்தவரை, மற்ற மூன்றும் இருந்தும் மருந்து ஒன்று இல்லாமையால் உலகம் பல நூற்றாண்டுகள் தவித்தது. அக்குறை நீங்கிய வரலாற்றில் சிங்கப்பூரின் செராங்கூன் சாலைக்கும் தமிழகத்துச் செங்கற்பட்டுக்கும் பங்கு உண்டு.

தேக்காவிலிருந்து செராங்கூன் சாலை வழியே வீரமாகாளியம்மன் கோயிலையும் சீனிவாசப் பெருமாள் கோயிலையும் கடந்து செல்வோர் குவோங் வாய் ஷியூ மருத்துவமனையைக் காண்பர். 1910-ல் கான்டனீஸ் சீனர்கள் ஏழைகளுக்காக நிறுவிய அறநிலையம் அது. அதற்கு முன்பு அவ்விடத்தில் இருந்தது தான் டோக் செங் மருத்துவமனை. மலாக்காவில் பிறந்து, காய்கறியும் கோழியும் விற்று வாழ்க்கையைத் தொடங்கிப் பெருவணிகராக உயர்ந்தவர் தான் டோக் செங். ஏழை நோயாளிகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்று அவர் 5,000 ஸ்பானிய வெள்ளி அளித்தார். 1844 ஜூலை 25-ல் பேர்ல்ஸ் ஹில் என்னும் குன்றின்மேல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1860-ஐ ஒட்டிச் செராங்கூன் சாலைக்கு வந்த அம்மருத்துவமனை, 1909-ல் மோல்மீன் சாலைக்குப் பெயர்ந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில், ஊரும் உறவும் ஒதுக்கிய தொழுநோயாளிகளும் அங்கு ஒதுங்கினர்.

கூரை கிடைத்தது, குணம் கிடைக்கவில்லை. குணப்படுத்தும் வழி அன்று எவருக்கும் தெரியாது. 1873-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். ஆயினும் அக்கண்டுபிடிப்பிலிருந்து முதலில் பிறந்தது மருந்தன்று, அச்சமே. தொற்றுநோய் என்பது உறுதியானதும் நோயாளிகளைப் பிரித்து வைக்கும் சட்டங்கள் பல நாடுகளில் எழுந்தன. நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்த நோயாளிகள் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவுக்கு அனுப்பப்பட்டனர். சிகிச்சை என்று சொல்ல இருந்தது, தமிழ்நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்த நீரடிமுத்து இனத்தின் எண்ணெய் ஒன்றே. அதனை மேனாட்டு மருத்துவர் ஊசி வழியே செலுத்தினர். வலி மிகுதி, பயன் குறைவு.

படுக்கைக்குப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது, படிப்புக்கும் கொடுக்க வேண்டும் என்பதைச் சிங்கப்பூரின் கொடையாளர் விரைவில் உணர்ந்தனர். 1904-ல் தான் ஜியாக் கிம் என்பவர் முன்னின்று, மருத்துவப் பள்ளி வேண்டும் என்று ஆளுநரிடம் விண்ணப்பித்தார். திரண்ட தொகை 87,077 வெள்ளி. அதில் 12,000 வெள்ளி அவருடையது. 1905 ஜூலையில் 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கிற்று.

தொழுநோய்க்கு மருந்து கிடைக்க மேலும் 36 ஆண்டுகள் ஆயின. 1941-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் ஃபேகெட் என்பவர் சல்போன் வகை மருந்தொன்றால் நோய் தணிவதைக் கண்டார். அதனை நரம்பூசியாக ஓயாது செலுத்த வேண்டியிருந்தது. ஏழை நாடுகளுக்கு அது எட்டாக்கனி. அதே வகையில் மலிவான டாப்சோனை 1946-ல் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் காக்ரேன் சோதித்துப் பயன் கண்டார். அவர் பணிபுரிந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையம், ஸ்காட்லாந்துச் சமயத் தொண்டர்கள் தொடங்கிப் பின்னர் அரசு ஏற்றது. தொண்டர்கள் கட்டிய புகலிடமே ஆராய்ச்சிக்கூடமும் ஆயிற்று. வேலூரில் 1948 முதல் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார்.

டாப்சோன் சிங்கப்பூருக்கும் வந்தது. ஆனால் நோய் தீர்ந்தும் வீடு திரும்ப இயலாதோர் பலர். ஏற்க மறுத்த குடும்பங்களும் உண்டு, வேலை தர மறுத்த முதலாளிகளும் உண்டு. அவர்களுக்குச் சிங்கப்பூர்த் தொழுநோய் நிவாரணச் சங்கம் துணை நின்றது. மருந்து வந்தபின்னும் அறத்தின் வேலை முடியவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆராய்ச்சியின் வேலையும் முடியவில்லை. 1964-ல் மலாயாவின் சுங்கை பூலோ தொழுநோய் நிலையத்தில் ஆய்ந்த பெட்டிட்டும் ரீஸும், டாப்சோனுக்குக் கட்டுப்படாத கிருமிகள் தோன்றியுள்ளதை மெய்ப்பித்தனர். ஒரு மருந்து போதாது என்பது தெளிவாயிற்று. 1981-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்தது. விலை கொடுப்பவர் யார்? 1995 முதல் 1999 வரை ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை உலகம் முழுமைக்கும் அச்செலவை ஏற்றது. 2000 முதல் நோவார்ட்டிஸ் நிறுவனம் இலவசமாக வழங்கி வருகிறது.

அதே நிறுவனம் சிங்கப்பூர் அரசின் துணையோடு 2002-ல் இங்கு வெப்பமண்டல நோய் ஆய்வகம் ஒன்றை நிறுவிற்று. டெங்கு, மலேரியா, காசநோய் ஆகியவை அங்கு ஆராயப்பட்டன. வெல்கம் அறக்கட்டளை போன்றவற்றின் பொருளுதவியோடு, மலேரியாவுக்கு எதிரான புதியதொரு மருந்தினம் பற்றிய ஆய்வு 2010-ல் வெளியாயிற்று. எனினும் 2017-ல் அவ்வாய்வகம் அமெரிக்காவுக்குப் பெயர்ந்துவிட்டது. வாங்கும் வசதி இல்லாதோரின் நோய்களுக்கு ஆராய்ச்சி நிலைக்க வேண்டுமாயின் அறத்தின் கை தளரக் கூடாது.

இன்று 6 முதல் 12 மாதங்களில் தொழுநோய் தீர்கிறது. மருந்துக்கு விலையும் இல்லை. இருந்தும் 2023-ல் உலகில் 1,80,000-க்கு மேற்பட்டோருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். உணர்ச்சியற்ற ஒரு தேமலை, ஊர் என்ன சொல்லுமோ என்று மறைத்து, காலம் தாழ்த்துவோர் இன்றும் உள்ளனர். வள்ளுவர் சொன்ன நான்கு உறுப்புகளும் இப்போது கூடியிருக்கின்றன. நோயாளி அஞ்சாமல் வாயிலுக்கு வருமாறு செய்வதே எஞ்சியிருக்கும் பணி. அதற்குப் பெருங்கொடையோ ஆய்வகமோ வேண்டுவதில்லை. அண்டை அயலார் முகம் சுளிக்காதிருந்தால் போதும்.