ஊரார் பங்கும் சர்க்காரின் கடமையும்: நெ. து. சுந்தரவடிவேலுவின் கல்விப் பணி

சென்னை ராஜ்யத்தில் 1954 முதற்கொண்டு ஏறக்குறைய ஒரு தசாப்த காலம் ஆரம்பக் கல்வியில் நிகழ்ந்த பெருமாறுதலைப் பற்றி எழுதுவோர், அதன் முழுப் பெருமையையும் முதலமைச்சர் காமராசரின் கருணைக்கே உரியதாக்கி, அவர்தம் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவை, இட்ட பணியைச் செவ்வனே முடித்த ஓர் உத்தியோகஸ்தராக மட்டும் காட்டிவிடுவது வழக்கமாகியிருக்கிறது. இவ்வழக்கத்துக்கு அவரும் ஓரளவு காரணர் எனலாம். ‘நினைவு அலைகள்’ என்னும் தன்வரலாற்றில் புகழைப் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதில் அவர் காட்டும் தாராளம், ஆராய்ச்சியாளனைச் சற்றுச் சங்கடப்படுத்துவது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்க வேண்டுமென்ற எண்ணம் பிறந்த பின்னர், ஆயிரக்கணக்கான கிராமங்களில் நாள்தோறும் உலையேற்றும் வழியை ஒருவர் வகுத்தாக வேண்டியிருந்தது. அவ்வழியிலேயே கல்விச் சமத்துவத்தைப் பற்றிய ஒரு தனிக் கொள்கை பொதிந்திருந்தது என்பதை இங்கே நிறுவ முயல்கிறேன்.

அக்கொள்கையின் அருமையை உணர 1953-ஆம் ஆண்டை நினைவுகூர்வது அவசியம். அவ்வாண்டில் ராஜாஜியின் அமைச்சரவை கொணர்ந்த ஆரம்பக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகளின் வகுப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் அவர்கள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று விட்டது. ‘குலக்கல்வி’ என்ற பெயரால் அது கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, காமராசர் பதவியேற்ற 1954-இல் கைவிடப்பட்டது. இங்குக் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. ஊரையும் பள்ளியையும் இணைக்கும் நோக்கம் அத்திட்டத்திலும் இருந்தது. ஊரின் தச்சனும் குயவனும் உழவனும் அதில் ஒருவகை உபாத்தியாயர்களே. ஆகவே சமுதாயத்தின் பங்கு என்று சொல்லிவிட்ட மாத்திரத்தில் அது சமத்துவத்துக்குத் துணை நிற்கும் என்று கொள்வதற்கில்லை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பும் பங்கும் உண்டு. ஊரையே பள்ளிக்கு வரவழைக்கும் பங்கும் உண்டு. 1912-இல் செங்கற்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்து, சுயமரியாதை இயக்கத்தின் கருத்துகளில் ஊறி வளர்ந்த சுந்தரவடிவேலு இவ்விரண்டையும் பிரித்தறிந்தவர் என்பதை அவருடைய நிர்வாகமே காட்டுகிறது.

1956-இல் பகலுணவு முதலில் ஊராரின் உதவியைக் கொண்டே தொடங்கப்பெற்றது. அரிசியும் பருப்பும் விறகும் வீடுகளிலிருந்தே வரவேண்டியிருந்தன. பின்னர் சர்க்கார் மானியம் வந்தபோது, ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்குப் பத்து நயாபைசா என வகுத்து, அதில் ஆறினைச் சர்க்காரும் நான்கினை ஊராரும் ஏற்பதென ஏற்பாடாயிற்று. இப்பங்கீட்டைப் பொக்கிஷத்தின் சிக்கனம் என்று மட்டும் படிப்பது போதாது என்பது என் அபிப்பிராயம். நான்கு பைசாவைக் கொடுத்தவன், ஆறு பைசா எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமையையும் உடன் பெற்றான். அதுவரை மேலதிகாரி வரும் நாளில் மட்டும் கணக்குக் காட்டிய பள்ளி, அதன்பின் தெருவிலிருப்போருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. 1958-ஐ ஒட்டிப் பரவிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் இம்முறை விரிந்தது. கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் குழந்தைகளுக்குச் சீருடையும் நன்கொடையாக வந்து குவிந்தன. இவற்றுக்கெல்லாம் நடுவில் நின்று ஊராரிடம் கேட்டவர் பள்ளி ஆசிரியரே. அவ்வாசிரியர்க்கு, தனியார் பள்ளிகளில் பணியாற்றியோர் உட்பட, ஓய்வூதியமும் சேமநிதியும் காப்பீடும் சேர்ந்த மும்முனைப் பாதுகாப்பு 1955-இலேயே கிட்டியிருந்ததை இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். முதுமைக்கு வழியின்றி மானேஜரின் தயவை எதிர்நோக்கிய உபாத்தியாயர், ஊர்ப் பிரமுகர் முன் நிமிர்ந்து நின்று பள்ளிக்காகக் கேட்டிருக்க முடியுமா என்பது சந்தேகமே.

எனினும் இம்முறைக்கு எதிராகச் சொல்லத்தக்கது சிறிதன்று. வளமான நஞ்சை ஊர் எளிதில் கொடுக்கும். வானம் பார்த்த ஊருக்குக் கொடுப்பதற்கே ஒன்றுமிராது. ஆக, எங்கே பசி அதிகமோ அங்கே உணவு குறையும் அபாயம் நன்கொடை முறையின் இயல்பிலேயே உள்ளது. கொடுப்பவர் பெரும்பாலும் நிலமுடையோர், உண்பவர் பெரும்பாலும் அவர்தம் வயலில் உழைப்போரின் மக்கள் என்றிருக்கும்போது, சோற்றோடு நன்றிக்கடனும் பரிமாறப்படுகிறது. இவ்வாட்சேபத்தை நான் முழுமையாகவே ஏற்கிறேன். ஆனால் சர்க்கார் பங்கு பாதிக்கு மேல் நின்றதும், துறையின் மேற்பார்வை விலகாதிருந்ததும் அதனை ஓரளவு தணித்தன என்பதையும் மறுக்கலாகாது. பொதுப்பணத்தை மட்டும் நம்பிய முயற்சியின் கதியும் சென்னைக்குத் தெரிந்ததே. பிட்டி தியாகராயரின் தலைமையில் நகராண்மைக் கழகம் 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவு, 1925-இல் மேலிருந்து வந்த செலவுத் தடையால் நின்றது. 1982-இல் எம். ஜி. ஆரின் ஆட்சி சத்துணவின் முழுப் பொறுப்பையும் சர்க்காரே ஏற்கச் செய்தபோது, அது மீண்டும் எளிதில் நிறுத்தமுடியாத ஒன்றாக நிலைத்தமைக்கு, பள்ளியில் உண்பது பிள்ளையின் பாத்தியதை என்ற எண்ணம் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஊர்களில் வேரூன்றியிருந்ததும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

1969 முதல் 1975 வரை சுந்தரவடிவேலு சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1956-இல் முதல் வகுப்பில் அமர்ந்து உணவுண்ட பிள்ளை, இடைநில்லாது பயின்றிருப்பின், அக்காலத்திலேயே கல்லூரியில் இருந்திருப்பான். ஆகவே இவ்விரு பதவிகளையும் ஒரே பணியின் இரு கட்டங்களாகக் காண்பது பொருந்தும். ஆயினும் பல்கலைக்கழகத்துக்குச் சுற்றியமைந்த ஊர் என்று ஒன்றில்லை; இணைந்த கல்லூரிகளும் செனட்டும் சிண்டிகேட்டும் ஊர்ச் சபையின் இடத்தை நிரப்பவல்லவை அல்ல. அவர் கைதேர்ந்திருந்த முறைக்கு அங்கே பிடிப்புக் குறைவு. துணைவேந்தர் பதவியையே அவர் வாழ்வின் சிகரமாகக் குறிப்போரின் கருத்தோடு உடன்பட என்னால் இயலாமைக்கு அதுவே காரணம்.